தாயைக் கொல்லாத நண்டு

ஔவையாரின் நல்வழியில் முப்பத்தாறாம் பாட்டு, பிள்ளை பெற்றால் தாய்க்கு முடிவு என்று நான்கு உயிர்களைச் சொல்கிறது: நண்டு, சிப்பி, மூங்கில், வாழை. மனப்பாடமாகப் படித்த தலைமுறைக்கு உரையும் சேர்ந்தே நினைவில் இருக்கும். நண்டு குஞ்சை ஈன்று சாகும், சிப்பி முத்தை ஈன்று சாகும், மூங்கில் அரிசி கண்டால் பட்டுப்போகும், வாழை தார் தள்ளினால் முடிந்தது. பிறன்மனை நாடுகிறவனுக்கு அழிவு நெருங்கிவிட்டது என்று எச்சரிக்கத்தான் இந்த நாலும் வந்தன.

சத்தியமங்கலத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. மூங்கில் மலையில், வாழை கொடிவேரிப் பாசனத்தில், நண்டு வரப்பில், சிப்பி பவானி மணலில். இவற்றில் இரண்டு பற்றிப் பாட்டு சொல்வது முழு உண்மை. மலை மூங்கில் நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, அரிசி உதிர்த்து, புதர் புதராகக் காய்ந்து நிற்பதை வயதானவர்கள் கண்டிருக்கிறார்கள். தார் வெட்டிய வாழைக்குப் பக்கக்கன்றுதான் மறுபிறவி. மற்ற இரண்டும் தவறு. நண்டு குஞ்சு பொரித்துச் சாவதில்லை. சிப்பிக்கு முத்து பிள்ளையே இல்லை. உள்ளே புகுந்து உறுத்தும் பொருளைச் சுற்றி அது பூசிக்கொள்ளும் காப்பு.

இந்த நம்பிக்கை நல்வழிக்கும் பல நூற்றாண்டு முந்தியது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் நண்டுக்கென்றே ஒரு பத்து இருக்கிறது. ஓரம்போகியார் பாடிய கள்வன் பத்து. அதில் ஒரு பாட்டில் நண்டு தாய் சாகப் பிறக்கும் உயிராகவே வருகிறது. அதே பத்தில், விதைத்த வயலில் வெண்முளையை நண்டு அறுத்துப்போடுவதும் வருகிறது. இன்றைக்கும் நாற்று நட்ட மறுவாரம் தடப்பள்ளிப் பாசனத்து உழவர் சொல்லும் முறையீடு அதேதான். பயிருக்கு நண்டு என்ன செய்கிறது என்பதை நம் முன்னோர் பிழையில்லாமல் கண்டார்கள். தன் குஞ்சுக்கு அது என்ன செய்கிறது என்பதில்தான் தவறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இரண்டாயிரம் ஆண்டாக நண்டைத் தீனியாகவும் தொல்லையாகவும் நீதிக்கதைக்கு உவமையாகவும் பார்த்து வந்திருக்கிறோம். அது எப்படிப் பிறந்து எப்படிப் பெருகுகிறது என்ற கேள்வி நம் ஆற்றுக் கணக்கில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. பவானியில் எது மிஞ்சும் எது மிஞ்சாது என்பதையோ அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

வயல் நண்டைப் பிடித்து மல்லாத்திப் பாருங்கள். வயிற்றின் மேல் மடங்கிய ஒரு மடல் இருக்கும். ஆணுக்கு அது ஒடுக்கமாக, கூராக இருக்கும். பருவமடைந்த பெட்டைக்கு வயிற்றையே மூடும் அளவுக்கு அகலம். ஓரத்தில் மயிர் அடர்ந்திருக்கும். அந்த மடலுக்கடியில் இறகு போன்ற சின்னக் கால்கள். பெட்டை இடும் சில நூறு முட்டைகளும் அந்தக் கால்களில்தான் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. முட்டை பெரிது, உள்ளே மஞ்சள் கரு நிறைய. கடல் நண்டின் குஞ்சு முட்டையை விட்டு வெளிவரும்போது நண்டாகவே இருக்காது. தூசுபோல மிதக்கும் வேறொரு உருவம், பல முறை தோலுரித்துத்தான் நண்டாகும். வயல் நண்டு அந்த மிதக்கும் பருவம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. வெளிவருவது கடுகளவு நண்டு; கொடுக்கு, கண், எட்டுக் கால், எல்லாம் உண்டு. வந்தவுடன் ஓடிவிடுவதுமில்லை. ஓடு இறுகித் தானாக இரை தேடும் வரைக்கும் தாயின் மடலுக்குள்ளேயே இருக்கிறது. தாய் வங்கின் வாயில் ஈரத்தில் நின்று மடலைச் சற்றே விரித்து விரித்து மூடுகிறாள். குஞ்சுகளுக்குக் காற்றும் நீரும் கிடைக்கின்றன.

வயிற்றிலிருந்து திமுதிமுவென்று நூற்றுக்கணக்கில் குஞ்சு இறங்குவதைக் கண்டவர்கள், வயிறு வெடித்துத்தான் வருகிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. நண்டு கழற்றிப்போட்ட காலி ஓடு வரப்பில் முழு நண்டு போலவே கிடக்கும். பக்கத்தில் குஞ்சும் ஊர்ந்தால் தாய் செத்தாள் என்றே எவரும் சொல்வார்கள். உண்மையில், இடையூறு இல்லாவிட்டால் அவள் இன்னும் சில பருவங்கள் முட்டையிடுவாள்.

அவள் எப்போது முட்டையிடுவாள் என்பதைக் கண்டறிந்தவர்கள் நமக்கு அடுத்த ஊர்க்காரர்கள். மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் கே.ஜி. அடியோடியும் ஆர்.ஜி. அடியோடியும் இதே வயல் நண்டை வைத்து ஆராய்ந்தார்கள். நண்டின் கண்காம்புக்குள் இருக்கும் சுரப்பு, தோலுரிப்பையும் சூலகம் முதிர்வதையும் அடக்கி வைக்கிறது; காலம் கனியும்போது அந்தப் பிடி தளர்கிறது. வளர்வதற்கும் பெறுவதற்கும் உடலில் இருக்கும் சேமிப்பு ஒன்றுதான். தோலுரித்து வளரும் பருவத்தில் சூல் வளர்ச்சி நின்றுவிடும். சூல் முதிரும் பருவத்தில் தோலுரிப்பு தள்ளிப்போகும். நீரும் இரையும் எப்போது வரும் என்பதை வைத்து நண்டு இந்தக் கணக்கைப் போடுகிறது. இதே கண்காம்பு உண்மையை வைத்துத்தான் பின்னாளில் கடற்கரை இறால் குஞ்சுப் பண்ணைகள் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கிச் சீக்கிரம் முட்டையிட வைத்தன.

மிதக்கும் பருவம் இல்லாததால் வயல் நண்டுக்குக் கடல் வேண்டாம். அணை குறுக்கே வந்தாலும் அதன் குடும்பம் பிழைக்கும். ஆனால் அதே காரணத்தால் அது ஊரைவிட்டுப் போகவும் முடியாது. கடல் நண்டின் குஞ்சு நீரோட்டத்தில் பல காதம் போய்ச் சேரும். ஓரிடத்தில் தாய்கள் அழிந்தாலும் வேறிடத்துக் குஞ்சு வந்து நிரப்பும். நன்னீர் நண்டு தாய் நடந்த தூரம்தான் போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பள்ளத்தாக்குக்கு ஒரு நண்டினம் என்று இருப்பதற்கு இதுவே காரணம். 2009-இல் உலக நன்னீர் நண்டுகளின் ஏறத்தாழ 1,280 இனங்களை முதன்முறையாக ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டபோது, அவற்றில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தீர்ப்புச் சொல்லவே தரவு இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. நம் மலை நண்டுகளில் பலவும் அந்தப் பாதியைச் சேர்ந்தவை.

சங்கும் இதே வழிதான். நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது சங்கு வளையல்கள் கிடைத்தன. கடலே இல்லாத கொங்கில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கடல் சங்கை அறுத்து அணிந்திருக்கிறார்கள். அந்தச் சங்கு மன்னார் வளைகுடாவின் மணலில் ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய கூடு நட்டு அதில் முட்டையிடும். கூட்டிலிருந்து வெளிவருவது நீந்தும் குஞ்சு இல்லை, ஊரும் சங்கு. ஒரு மணல்திட்டில் பெரிய சங்கையெல்லாம் அள்ளிவிட்டால் வேறு திட்டிலிருந்து குஞ்சு மிதந்து வந்து நிரப்பாது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914-இல் ஒரு நூலே எழுதினார். அரசாங்கம் அக்கறைப்பட்டது, சங்கில் வருமானம் இருந்ததால்.

அந்தத் துறைக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தார். சத்தியமங்கலம் அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது. மண், மழை, கிணறு, வாய்க்கால், சாதி, தொழில் என்று அவர் எழுதாதது குறைவு. அதே நிக்கல்சன்தான் பிறகு சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்று, 1907-இல் அந்தத் துறை உருவாகக் காரணமானவர். பவானியையும் அறிந்து, மீனையும் அறிந்த ஒரு மனிதர் நமக்கு வாய்த்திருந்தார். ஆனால் துறையின் கண் கடலை நோக்கிப் போயிற்று. ஆறு பாசனக்காரர்களின் கையில் இருந்தது. மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1873-லேயே அணைகள் மீனின் வழியை மறிக்கின்றன என்று அரசுக்கு எழுதிவிட்டார். 1940-இல் இன்னொரு மீன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா வலசை மீன்களையும் அணைகளையும் பற்றி மறுபடி எழுதினார். 1948-இல் பவானிசாகர் வேலை தொடங்கியபோது அந்த எழுத்தெல்லாம் கையில் இருந்தது. 1955-இல் அணை முடிந்தது.

பவானிசாகர் அணையை நான் குறை சொல்ல மாட்டேன். 32.8 டி.எம்.சி. கொள்ளளவு, 200 கிலோமீட்டர் கீழ்பவானி வாய்க்கால், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அந்தத் தண்ணீர் வராவிட்டால் கொங்கின் பாதி ஊர்களில் இன்று அடுப்பெரிந்திருக்காது. அணைக்குள் மூழ்கிய தணாயக்கன் கோட்டைக்காக இன்றும் வருந்துகிறோம். வறட்சியில் நீர் வற்றினால் கோயில் தெரிகிறதா என்று பார்க்கப் போகிறோம். கல்லுக்குக் கிடைத்த அந்த நினைவு, நீருக்குள் இருந்த உயிர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஆற்று இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியில் வாழும் பெரிய இறால் இனங்களின் தாய் வயிற்றடியில் ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கும். ஆனால் பொரியும் குஞ்சுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். முகத்துவாரத்து உவர்நீர் கிடைக்காவிட்டால் சில நாளில் சாகும். 1961-இல் பினாங்கில் ஷாவ்-வென் லிங் இதைக் கண்டறிந்த பிறகுதான் உலகில் நன்னீர் இறால் வளர்ப்பே சாத்தியமாயிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியனும் அவரோடு இருந்தவர்களும் காவிரியின் நோபிலி இறாலை வைத்து, அது எத்தனை நாளுக்கொருமுறை தோலுரிக்கிறது, எந்தத் தோலுரிப்புக்குப் பின் முட்டையிடுகிறது என்று 1980-களில் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். ஆக, இந்த இனங்களின் வாழ்வு ஒரு நெடும்பயணம். தாய் வெள்ளத்தோடு இறங்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு முகத்துவாரத்திலிருந்து எதிர்நீரில் ஏற வேண்டும்.

இன்று கடலிலிருந்து சத்தியமங்கலத்துக்கு ஒரு இறால் குஞ்சு ஏறி வருவதாக வைத்துக்கொள்வோம். கொள்ளிடத்தில் அணைக்கரை, பிறகு முக்கொம்பு, மாயனூர் கதவணை, ஈரோட்டருகே வெண்டிபாளையம் கதவணை, பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டு, கடைசியாகக் கொடிவேரி. பழைய அணைக்கட்டுகள் தாழ்ந்தவை. வெள்ளக்காலத்தில் நீர் மேலே புரளும்போது, கசியும் கல்லோரம் பற்றி இறால் குஞ்சு ஊர்ந்து ஏறும். இரும்புக் கதவை அதனால் ஏற முடியாது. அணைக்கட்டு என்றாலே ஒன்றுதான் என்று பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டியதும் தடைதான், 20-ஆம் நூற்றாண்டில் நாம் கட்டியதும் தடைதான். ஆனால் பழைய தடை ஆண்டில் சில வாரமாவது வழிவிட்டது.

மட்டியின் கதை இன்னும் சிக்கலானது. என் மனத்தை அதிகம் உறுத்துவதும் அதுதான். பவானி மணலிலும் வாய்க்கால் சேற்றிலும் பாதி புதைந்து கிடக்கும் ஆற்றுச் சிப்பியைச் சொல்கிறேன். நாள்தோறும் பல லிட்டர் நீரை உள்ளிழுத்து வடித்துவிடும் உயிர். ஆண் மட்டி விந்தை நீரில் விட, பெட்டை மூச்சுநீரோடு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கருவுற்ற முட்டைகள் தாயின் செவுளுக்குள்ளேயே வளர்கின்றன. சினை மட்டியைத் திறந்தால் வெளிச்செவுள் பை போல உப்பி, உள்ளே மாவு அடைத்தது மாதிரி இருக்கும். அது மாவில்லை, ஆயிரமாயிரம் குஞ்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்ன ஓடு. தாய் வெளியே விட்டதும் அவை ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விப் பிடிக்க வேண்டும். மீனின் தோல் அவற்றை மூடிக்கொள்ளும். அங்கே இருந்தபடி உருமாறி, சில வாரம் கழித்து உதிர்ந்து மணலில் விழுந்தால்தான் மட்டி. மீன் கிடைக்காத குஞ்சுக்கு வாழ்வில்லை. எல்லா மீனும் ஒத்தும் வராது. ஒவ்வாத மீனின் உடல் அதை உதறிவிடும்.

இதில் தவறியவர்கள் நம் புலவர்கள் மட்டுமில்லை. 1797-இல் யென்ஸ் ராத்கே என்ற நார்வே இயற்கையியலர் மட்டியின் செவுளில் இந்தக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, தாயை அரிக்கும் ஒட்டுண்ணி என்று எழுதி அதற்குப் பெயரும் வைத்தார். நூறாண்டுக்கு முன்பே நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக் அவற்றைக் குஞ்சு என்று சொல்லியிருந்தும் இந்தத் தவறு நடந்தது. 1832-இல் காருஸ் என்ற ஆய்வாளர் அதைத் திருத்தினார்; 1866-இல் லைடிக் என்பவர் அவற்றை மீனின் மேல் கண்டார். பிள்ளை தாயைத் தின்கிறது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் ஓரம்போகியாரின் ஊரிலும் ஒரே மாதிரி எழுந்திருக்கிறது.

மட்டி நெடுநாள் வாழும். ஐரோப்பிய முத்துமட்டி நூறாண்டையும் தாண்டும். அங்கே பல ஆறுகளில் மட்டி ஏராளமாக இருப்பதைக் கண்டு நிம்மதியாக இருந்தவர்கள், ஓட்டிலுள்ள ஆண்டு வரிகளை எண்ணத் தொடங்கியபோது அதிர்ந்தார்கள். எல்லாம் கிழடு. முப்பது, நாற்பது ஆண்டாக ஒரு குஞ்சுகூடச் சேரவில்லை. மீன் போய்விட்டது, அல்லது குஞ்சு புதையும் மணலில் வண்டல் அடைத்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட, திண்ணைக்குத் திண்ணை பெரியவர்கள் மட்டும் இருக்கும் ஊரைப் போல. தலையை எண்ணினால் ஊர் நிறைந்திருக்கும். வயதைக் கேட்டால்தான் நிலைமை தெரியும். எத்தனை இருக்கிறது என்பதைவிட, எத்தனை வயதில் எத்தனை, ஆண் எத்தனை பெட்டை எத்தனை, இந்த ஆண்டு சேர்ந்த குஞ்சு எத்தனை என்ற கேள்விகள்தான் ஓர் இனத்தின் எதிர்காலத்தைச் சொல்லும்.

மட்டிக் குஞ்சைச் சுமக்க வேண்டிய மீனுக்கு இங்கே என்ன ஆயிற்று? 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களைப் பிடித்துக்கொண்டதை யாவரும் அறிவோம். சிறுமுகை ஆலைக்கழிவுக்கு எதிராக 1990-களில் பவானிக்கரை மக்கள் போராடியதும் நினைவிருக்கும். செத்து மிதந்த மீனை எல்லாரும் பார்த்தார்கள். அந்த மீன் சுமந்திருக்க வேண்டிய மட்டிக் குஞ்சைப் பார்க்க எவருக்கும் கண் இல்லை.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா கூடாதா என்று அண்மை ஆண்டுகளில் உழவர்கள் இரு பிரிவாக நின்றார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும் என்றது ஒரு பக்கம். கசிவுநீர் நின்றால் கிணறு வற்றும் என்றது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது ஒன்றை எவரும் பேசவில்லை. மண்கரையில் நண்டு வங்கு தோண்டும். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தும் அடைப்புக் காலத்தில் ஈரம் தேடி ஆழமாக இறங்கி அடுத்த தண்ணீர் வரும்வரை உயிர் காக்கும். சேற்றில் மட்டி புதையும். கான்கிரீட்டில் இரண்டுக்கும் இடமில்லை. வயலுக்குள்ளே குருணை மருந்து இருக்கிறது. பூச்சியின் தோலுரிப்பைக் குலைக்கும் மருந்து வகைகள் நண்டையும் குலைக்கும், ஏனென்றால் நண்டும் கைட்டின் ஓட்டை உரித்தே வளரும் உயிர். தோலுரித்து மெத்தென்று கிடக்கும் அந்த நாளில் அதற்குக் காப்பு எதுவும் கிடையாது. நண்டு வரப்பைத் துளைக்கிறது, முளையை அறுக்கிறது என்ற உழவரின் கோபம் நியாயம்தான். முளை முற்றும்வரை நீரை வடித்துவைத்து, நண்டைப் பிடித்துக் குழம்புக்குப் போட்ட தலைமுறை ஒரு இனத்தை அழிக்காமல் பயிரைக் காத்தது. சளிக்கு நண்டு ரசம் வைக்கிற வீடுகள், அந்த நண்டு எந்த வயலில் பிடித்தது என்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆயிற்று. நான்காண்டுக்கொருமுறை புலியை எண்ணுகிறார்கள். குட்டி எத்தனை, தாய் எத்தனை என்று பார்க்கிறார்கள். அது பெருமைக்குரிய வேலை. மாயாற்றில் நீர்நாய் தின்பதில் நண்டும் உண்டு. அந்த நண்டை எண்ணுவதற்குப் புலியை எண்ணுவதைவிடக் குறைந்த செலவே ஆகும். பவானிசாகரிலேயே தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. அங்கே திலேப்பியாக் குஞ்சு உற்பத்தி செய்யத் தெரிந்தவர்களுக்கு, மட்டியின் ஓட்டு வரியைப் படிப்பது கடினமில்லை.

ஆகவே நீர்வளத் துறைக்கும் அந்த மையத்துக்கும் ஒரு வேண்டுகோள். கீழ்பவானியிலும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களிலும் தண்ணீர் நிறுத்தும் வாரம், தரை தெரியும் வாரம். வாய்க்காலுக்குச் சில இடங்களில் அளவு குறித்து, மட்டியின் நீளத்தையும் ஓட்டு வரியையும் நண்டின் மடலையும் பார்த்து, குஞ்சு எத்தனை, சினை எத்தனை என்று எழுதி வையுங்கள். கான்கிரீட் போட்ட பகுதியையும் போடாத பகுதியையும் தனித்தனியாக எழுதுங்கள். கொடிவேரியில் பராமரிப்பு நடக்கும்போது ஒரு ஓரத்தில் கரடுமுரடான கற்சரிவு ஒன்று விட்டு, ஆண்டு முழுக்க அதில் நீர் கசிய விடுங்கள். அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும்; அடுத்த அடைப்பிலேயே தொடங்கலாம்.